ராணிக்கு ரோஸ் எனாமல்

ஓய்வு பெற்ற பிறகு கேமராவும் கையுமாக நான் ஏறி இறங்கிய அரண்மனைகளும் கோயில்களும் ஆயிரத்துக்குக் குறையாது. ஆயிரத்திலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படம் எடுத்தேன். ராஜாக்கள் போனார்கள், வௌவால்கள் குடி வந்தன. ஓர் அரண்மனையில் எச்சத்தை அள்ளினால் நாலு லாரி தேறும். கோயில் என்றால் யாளியின் வாயில் எவனோ கை துடைத்த தயிர்சாதம்.

நான் அருவருக்காமல் பார்த்தது ஒரே ஒருத்தியைத்தான். கணியூருக்கு அப்பால் ஒரு பாளையக்காரர் அரண்மனை. ஊர்ப் பெயரைச் சொன்னால் அடிக்க வருவார்கள். அரண்மனை இடிந்து, முன்சதுக்கமும் ஒட்டிய கோயிலும்தான் மிச்சம். சதுக்க மண்டபத்துத் தூணில் செதுக்கிய கருங்கல் ராணி. காலை வெயிலில் அவள் கன்னம் வியர்க்கும், சத்தியமாக!

2006 கும்பாபிஷேகத்துக்கு முன்பு போனேன். கோயில் தூண்கள் பூராவும் ரோஸ் எனாமல்! கமிட்டித் தலைவர் ஆத்தப்பன் நின்றிருந்தார். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். கையில் துணிக்குக் கலர் பார்க்கும் ஷேடு கார்டு.

"வாங்க லிங்கசாமியண்ணா! பிரான்ஸ் ஆர்டருக்குப் போட்ட அதே ரோசுங்க. நாளைக்கு நம்ம ராணியம்மாளுக்கும் அடிச்சுருவமுங்க."

"அவங்க கருப்பாவே லட்சணமாத்தானுங்க இருக்கறாங்க."

"அட போங்ணா. பொம்பளப்புள்ளைய வெறுங்கல்லா நிறுத்தறதுங்களா?"

இந்த ஆளிடம் கலை, சரித்திரம் என்று பேசினால் கொட்டாவி விடுவார். ஆனால் முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவன் நான். முதலாளிகளுக்கு எது பேதி தரும் என்று தெரியாதா? வெயிலில் ஒரு தூண், நிழலில் ஒரு தூண் என்று எடுத்து, உடுமலையில் பிரிண்ட் போட்டு, சாயங்காலமே கமிட்டி ஆபீசில் அவர் முன் விரித்தேன்.

"இதென்னங்கண்ணா, தூணுக்குத் தூணு ஷேடு மாறுது?"

"சரக்கு வாங்கற பையர் பாத்தா லாட்டே ரிஜெக்டுங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டேன்.

அவர் வெளியே ஓடிப் பார்த்தார். சாய்ந்த வெயிலில் தூணுக்குத் தூண் நிஜமாகவே வேறாகத் தெரிந்தது. "டேய், ராணியத் தொடாதீங்கடா!" என்று பெயின்டர்களைப் பார்த்துக் கத்தினார். நான் மனதுக்குள் யானை மேல் ஏறி ஊர்வலமே போய்விட்டேன்.

இறங்குவதற்குள் ஆத்தப்பன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்கேனுங்ணா விசனம்? ஷேடு மாறுன துணிய நாம என்ன பண்ணுவோம்? கருப்புச் சாயத்துல முக்கிருவமல்லங்க! எல்லாத் தூணுக்கும் கருப்பு எனாமல். ராணியம்மாளையும் சேத்தி ஒரே லாட்டு!"

எவ்வளவோ கெஞ்சினேன். கேட்கவில்லை.

அடுத்த வாரம் போனபோது ராணி புது ஸ்கூட்டர் மாதிரி மினுமினுத்தாள். மூக்குத் துவாரம் அடைபட்டு, உதடு தடித்து, கன்னத்தில் பெயின்ட்டோடு ஒட்டிச் செத்த ஈ. சதுக்கம் பெருக்கும் ரங்காத்தாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அவளையே ரசித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தானுங்க சாமி," என்றாள், "அப்படியே கருங்கல்லாட்டம் இருக்குது!"