ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள்

மழைக்காலம் வந்துவிட்டால் மோங்கு ஊருக்குப் பக்கத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நிரம்பி வழியும். கட்டிலுக்கு இரண்டு குழந்தை; ஒன்றின் மருந்து அட்டை தலைமாட்டில், மற்றதன் அட்டை கால்மாட்டில். ஒரு ராத்திரி கூரை ஒழுகவும் ஆறாம் கட்டில் தாய்மார்கள் குழந்தைகளை இடம் மாற்றிப் படுக்க வைத்தார்கள். அட்டையை மாற்ற யாருக்குத் தோன்றும்? வேலைக்கு வந்து நான்கே மாதமான நர்ஸ் செபிசோ அட்டையைப் பார்த்து ஊசி போட்டாள். ஒரு குழந்தையின் ஊசி மற்றதற்குப் போய்விட்டது.

நல்ல வேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. செபிசோவே டாக்டரிடம் ஓடினாள், தாயிடம் சொன்னாள், காலையில் வேலை மாறும்போது எல்லார் முன்னாலும் சொன்னாள். அப்படிச் சொல்வதுதான் அந்த வார்டின் வழக்கம். தலைமை நர்ஸ் நசிலேலே முதலில் தன் தவறைத் தானே சொல்லி, இரண்டு வருஷம் பாடுபட்டுக் கொண்டுவந்தது. அதற்கு முன் எல்லாரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் திரிந்தார்கள்.

யார் வாய் வழியோ, பேர் மட்டும் இல்லாமல், செய்தி மேலதிகாரி லுபிண்டாவின் காதுக்குப் போயிற்று. காகிதமும் கையுமாக வந்து நின்றார். தவறு செய்தவள் பேரை எழுதிக் கொடு, இன்றே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். கூரை ஒழுகுகிறது என்று நசிலேலே மூன்று கடிதம் போட்டும் ஒரு வரி பதில் எழுத நேரமில்லாத மனிதர்!

"எழுத மாட்டேன் ஐயா," என்றாள் நசிலேலே. "இன்னைக்கு இந்தப் பேர எழுதினா, நாளையிலேர்ந்து இங்க எவளும் வாயத் தொறக்க மாட்டா. அப்புறம் பொணம் விழுந்தாத்தான் தப்பு நடந்ததே நமக்குத் தெரியும்."

"அப்ப தலைமைப் பொறுப்பு உனக்கு வேண்டாம். மருந்து அலமாரி சாவியக் குடு."

பதினாறு வருஷ உழைப்பில் வந்த பதவி. இருந்தும் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் அதை மூத்த நர்ஸ் முவாங்கலாவிடம் நீட்டினார். அந்தப் பதவி தனக்கு வரவில்லையே என்று நசிலேலேயோடு ஒரு காலத்தில் முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். முவாங்கலா கையைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குங்க? போன மாசம் நான் செஞ்ச தப்பச் சொன்னப்ப இவ என்னை வீட்டுக்கு அனுப்பல. பக்கத்துல நின்னு சரி பண்ணிக் குடுத்தா."

அடுத்தவளும் சாவியை வாங்கவில்லை. அதற்கடுத்தவள் அவர் பக்கமே திரும்பாமல் போர்வை மடித்தாள்.

"ஐயா, பத்து மணி ஊசிக்கு நேரமாச்சு," என்றாள் நசிலேலே. குரலில் கெஞ்சல் துளியும் இல்லை. "புள்ளைங்க காத்திருக்கக் கூடாது. சாவிய யாருக்காவது குடுங்க. இல்லன்னா நீங்களே வந்து போடுங்க."

ஊசியைத் தொட்டே பல வருஷமான லுபிண்டா தாய்மார்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வெறும் காகிதத்தை மடித்துப் பையில் செருகினார்.

நசிலேலே சாவியை எடுத்தாள். மூலையில் அழுதுகொண்டிருந்தவளை, அவர் காதில் விழும்படியே கூப்பிட்டாள்.

"செபிசோ, கண்ணத் தொடச்சிட்டு வா. ஒவ்வொரு தாய்கிட்டயும் புள்ள பேரக் கேட்டுட்டுப் போடு. இன்னைக்கு ஊசி எல்லாம் நீதான்."