கோழி தின்னாத காளிதாசன்

காளிதாசன் வாத்து தின்பான், ஆட்டுக்கறி தின்பான், மீன் தலையை மென்று முள்ளை அழகாகத் துப்புவான். கோழியை மட்டும் தொடமாட்டான். கல்யாணமாகிக் குருண் ஊருக்கு வந்த நாள் முதல் யோகேஸ்வரியைக் குடைந்துகொண்டிருந்த சங்கதி இதுதான். கோழி குருடாக இருந்தாலும் குழம்பு ருசியாக இருந்தால் போதும் என்பார்கள். குழம்பையே ஒதுக்குகிற மனுஷனை என்னவென்று சொல்வது?

கேட்டால், “ஒடம்புக்கு ஒத்துக்காது லா” என்பான். முட்டை மட்டும் எப்படித்தான் ஒத்துக்கொண்டதோ அந்த உடம்புக்கு!

லோரி ஓட்டுகிறவன். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறவன். இளவயதில் ரவுடி கேங்கில் இருந்தான் என்பதும், விட்டுவிட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அந்தக் கல்லுளிமங்கனிடமிருந்து ஒரு சொல் பெயராது.

இப்போது அவளுடைய கவலை வேறு. தம்பி புவனேசன் லாக்கப்பில் கிடந்தான். டவுன் ஸ்னூக்கர் கடை வாசலில் கேங் ஆட்கள் ஒருவனைப் பாராங் கத்தியால் வெட்டிவிட்டுக் காரில் பறந்துவிட்டார்கள். விழுந்தவனைத் தூக்கப் போன புவனேசன் சட்டையெல்லாம் ரத்தமாகப் பிடிபட்டான். பார்த்த ஒருவனாவது வாய் திறக்காவிட்டால் பையன் பல வருஷம் உள்ளேதான் என்றார் வக்கீல். ஊரே அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாம்!

மனிதர்கள் கைவிட்டால் சாமிதானே? தான் பிறந்த ஊரான செர்டாங்கின் தோட்டத்து முனீஸ்வரனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டு, புருஷனையும் அழைத்துப் போனாள். பூசாரி இருளப்பன் படைத்த கறியை எல்லோருக்கும் பங்கிட்டார். முனிக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்லத் துணிந்தவன் அந்தத் தோட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. காளிதாசனோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குழாயடிப் பக்கம் நழுவினான்.

இருளப்பன் சிரித்தார். “என்னாம்மா, ஒன் வீட்டுக்காரன் சேவ அறுத்தவனா?”

“அப்படின்னா?”

“கேங்குல சேக்கறப்ப சாமி முன்னால சேவ அறுப்பானுங்க. நம்ம ஆளுங்கள காட்டிக் குடுத்தா என் தலையும் இப்படிப் போவட்டும்னு ரத்தத்துல கைய வச்சி சத்தியம் பண்ணணும். அதுக்கப்புறம் கோழி தின்னக் கூடாது. தின்னா சத்தியத்த முறிச்சிட்டான்னு அர்த்தம். எங்க அக்கா மவனும் அப்படித்தான். கேங்க விட்டுட்டான், கோழிய தொட மாட்றான்.”

இத்தனை காலமாகத் தேடிய விடை கிடைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை. ஒரு கேள்வி ஓய்ந்த இடத்தில் அடுத்தது முளைத்தது. வெட்டு நடந்த அன்று வீட்டுக்கு வந்த காளிதாசன், சாப்பிடாமல் லோரியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தானே, ஏன்?

திரும்பி வரும்போது காரில் கேட்டாள். “அன்னிக்கி ஸ்னூக்கர் கடைகிட்ட நீங்க இருந்தீங்களா?”

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். “எதுத்த கடையில தே குடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“அப்போ வெட்டினது யாருன்னு பாத்தீங்க.”

“அதக் கேக்காத யோகேஸ்.”

அவள் கேட்கவில்லை. மறுநாள் பாசாருக்குப் போய்க் கோழி வாங்கிவந்து, காய்ந்த மிளகாயும் எலுமிச்சை வாசத்துச் செராய்ப் புல்லும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். சோற்றின்மேல் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

காளிதாசன் தட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “தெரிஞ்சிதான் போட்டியா?”

“தெரிஞ்சிதான்.”

“வாயத் தொறந்தா பழைய ஆளுங்க என்னைய சும்மா விடமாட்டானுங்க லா.”

சத்தியத்தில் சொன்ன தலை யாருடையது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதுவரை அவள் கண்ணில் தம்பி மட்டுமே நின்றிருந்தான். இப்போது புருஷனின் கழுத்தைப் பார்த்தாள். வேர்வையில் நனைந்திருந்த அதில், அவள் போட்டுவிட்ட மெல்லிய தங்கச் சங்கிலி கிடந்தது. சட்டென்று தட்டைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாங்க. நான் மீன் பொரிச்சித் தரேன்.”

மறுபக்க விளிம்பை அவன் விடவில்லை. “கைய எடு, ஆறிடும். ஒன் தம்பி விழுந்தவன தூக்குனத நான் பாத்தேன். அங்க நின்ன யாருமே கிட்டப் போவல. நானும்தான் போவல.”

தொடைக்கறியை எடுத்துக் கடித்தான். மெதுவாக மென்றான். கண் கலங்கியது. அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். எலும்புவரை தின்று முடித்துக் கைகழுவிவிட்டு, “சட்டைய எடு, பாலாய்க்குப் போவணும்” என்றான். அங்கே போலீஸ்காரர்களிடம் சொல்லப்போகிற பெயர்களை அவளிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

யோகேஸ்வரி சட்டையை எடுத்துவந்து அவளே மாட்டிவிட்டாள். சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, கழுத்துப் பொத்தானை இறுக்கிப் போட்டாள்.