ஐப்பசியில் ஏற்காடு

செங்கமலம் சித்திரையில் ஏற்காடு போகிறேன் என்று போய் வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை; கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வைகாசித் தேரன்று வில்லியனூரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, இவள் மட்டும் அந்தத் துண்டோடு நின்று, "மலைக்குளிரு இன்னும் ஒடம்ப வுட்டுப் போவல" என்றாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு பொரிந்தது. துண்டு இறங்கவில்லை.

எதிர்வீட்டு ஆதிலட்சுமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. குளத்துப் படியில் அவள் எதைப் பேச வாயெடுத்தாலும், "நீ மலையப் பாத்திருக்கியாடி?" என்று செங்கமலம் ஒரே கேள்வியில் அடைத்துவிடுவாள். தானும் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒழிய இந்தத் தெருவில் தன் பேச்சு எடுபடாது என்று ஆதிலட்சுமிக்குத் தெரிந்துபோயிற்று. புருஷன் மணவாளனை அரிக்கத் தொடங்கினாள்.

மணவாளன் கரும்பு போடுகிறவன். "கோடையில வெட்டு இருக்குது, வெல்லம் காய்ச்சணும். ஐப்பசியில போவலாம். மலை இன்னா, ஓடியா பூடும்?"

மலை ஓடவில்லைதான். மலையில் இருந்தவர்கள்தான் ஓடிவிட்டிருந்தார்கள். ரயில் மாறி, சேலத்தில் பஸ் பிடித்து இருவரும் ஏற்காடு போய்ச் சேர்ந்தபோது பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பந்தல் பிரிக்கிற நேரத்துக்கு மொய்க்கவரோடு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார் டீக்கடைக்காரர். "சீசன் முடிஞ்சி எல்லாரும் எறங்கிட்டாங்களே. இப்ப மழ கொட்டுற காலம்."

கொட்டியது. மலைக்கே தலைக்கு ஊற்றுவதுபோல் கொட்டியது. அதையும் கண்குளிரப் பார்க்க விடவில்லை மூடுபனி. "ஏங்க, என்னை வுட்டுடாதீங்க" என்று ஆதிலட்சுமி இறுக்கிப் பிடித்த கை அந்த வழியே போன தபால்காரருடையது. ஏரி அந்தப் பக்கம் என்று யாரோ காட்டிய திசையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்கள்.

திரும்பும் ரயிலில் அவள் மணவாளனை உலுக்கினாள். "ஏரி எப்பிடி இருந்திச்சின்னு கேட்டா இன்னா சொல்றது?"

"தண்ணியா இருந்திச்சின்னு சொல்லு" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

மறுநாள் குளத்துப் படியில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துத் தெரு தனக்கொடி துவைக்கிற துணியைக்கூடப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். "ஏரிய சொல்லுக்கா!"

ஆதிலட்சுமி குடத்தைப் படியில் இறக்கி வைத்தாள். "நடு ஏரியில ஒரு மண்டபம்டி. அதுல வெள்ளைக்காரிச்சி பொம்மை. வாயால தண்ணி கொட்டிக்கினே இருக்கும்."

சொன்ன பிறகுதான், ஏரியைப் பார்த்த செங்கமலமும் அங்கேயே இருப்பது உறைத்தது. பத்துப் பேர் தலையும் செங்கமலத்தின் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், இன்றோடு மானம் போச்சு என்று ஆதிலட்சுமி குடத்தைத் தூக்கப் போனாள்.

செங்கமலம் கம்பளித் துண்டைச் சரிசெய்துகொண்டாள். "அந்தப் பொம்மை தண்ணியிலதான நான் மூஞ்சி கழுவினேன்! அப்பப்பா, இன்னா ஜில்லு!"

குடம் ஆதிலட்சுமியின் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. அடிப்பாவி! ஆறு மாசமாக வேர்க்குருவோடு அலைந்தவள் ஏற்காட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லையா? ஊரைக் கூட்டிச் சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் பொம்மை பொய்யென்றால், முதல் பொய் யாருடையது? நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா. இப்ப குளிருன்னு அதுக்கும் கம்பளி சுத்தி வெச்சிருக்காங்க" என்றாள், செங்கமலத்தின் கழுத்தையே பார்த்தபடி.

செங்கமலத்துக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது.

தனக்கொடி மட்டும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். "எங்கூட்டுக்காரர்கிட்ட சொல்லி, வர்ற சித்திரைக்கு நானும் போயி அந்தப் பொம்மையப் பாத்துட்டு வரேன்!"

எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு ஒருநாளும் ஒத்துப்போகாத இருவரும் அன்று ஒரே குரலில் பதறினார்கள்:

"வேணான்டி! ஒனக்கு சளி புடிச்சிக்கும்!"