மீன்பெட்டியில் ஊறிய பெயர்ப்பலகை

எங்கள் மண்பாண்டக் கூடத்தின் சுவரில் பதினோரு விதிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுதியவளும் நான், படிப்பவளும் நான் ஒருத்திதான். கல்மண்டபம் பகுதியில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கைக் கேட்டு வாங்கி, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து நடத்தும் இடம் இது. மண் பிசைய யார் வேண்டுமானாலும் வரலாம். மின்சாரச் சூளையின் சாவி மட்டும் என் இடுப்பை விட்டு இறங்காது. திருவொற்றியூர்ப் பக்கம் இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் பர்னஸ் பார்த்தவள் நான். நெருப்பிடம் தாட்சண்யம் பார்க்க முடியாது. அதனால் எனக்குச் சிடுமூஞ்சி செங்கொடி என்று பெயர். வைத்துக்கொள்ளட்டும்.

சரியாகக் காயாத பொருளைச் சூளையில் ஏற்ற மாட்டேன். சூடு நூறு டிகிரிக்குக் கீழே இறங்காமல் கதவைத் திறக்க மாட்டேன். கூடத்து மண்ணில் வேறு எதையும் கலக்கக் கூடாது. அது ஐந்தாவது விதி. கடைசி விதி, மீன்பெட்டியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது. அது முழுக்க முழுக்க வியாகுலம்மாள் அக்காவுக்காகவே எழுதியது. காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்துவிட்டு நேராக இங்கேதான் வருவாள். கூடவே தெர்மாகோல் பெட்டியும் அதன் நாற்றமும் வரும்.

இருபது வருஷம் நடையாய் நடந்த பிறகு, அந்த அக்காவுக்குக் குடியிருப்பு வாரியத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. கடிதம் அவள் பெயரில்தான் வந்தது. ஆனால் வாசலில் யார் பெயர் இருப்பது என்று வீட்டில் தகராறு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவள் கணவர் சவரிநாதன், தன் பெயரில் ஒரு ஸ்டீல் போர்டு அடித்து, திருகாணியோடு தயாராக வைத்திருந்தார். அக்காவோ, என் பெயரை என் கையாலேயே மண்ணில் எழுதிச் சுட்டு மாட்டுவேன் என்று நின்றாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் சாமியார் வீடு மந்திரிக்க வருவதற்குள் மண் பலகை உடையாமல் வந்தால் அது. இல்லாவிட்டால் ஸ்டீல்.

"என்ன யார்னா பேர் சொல்லிக் கூப்டுறாங்களா, சொல்லு," என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். "சவரி பொண்டாட்டி, சினேகா அம்மா, மீன்காரம்மா. எங்கப்பன் வச்ச பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் கீது."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் செய்த முதல் பலகை காயும்போதே குறுக்கே விரிந்துபோனது. இரண்டாவது நன்றாகக் காய்ந்து வந்தது. சூளையில் ஏற்றுமுன் நிரப்பும் படிவத்தில், 'வேறு ஏதேனும் கலந்துள்ளதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று நானே எழுதிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. நேரமாகிறதே என்று அவசரம்.

வியாழக்கிழமை காலை சூளையின் மீட்டர் தொண்ணூற்றைந்து காட்டியது. அக்கா அதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்து, தொற, தொற என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். திறந்தேன். ஒரு கீறல் இல்லை. ஏழு எழுத்தும் செக்கச்செவேலென்று நெளியாமல் நின்றன. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கையுறை போட்டு எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"மொத போர்டு மாதிரி இது விரியல பாத்தியா," என்றாள் அக்கா பெருமையாக. "ஏன்னு கேளு. ரெண்டு கை மணலு போட்டுப் பெசஞ்சேன்."

"இன்னா மணலு?"

"நம்ம காசிமேட்டு மணலுதான். நல்லா சலிச்சித்தான் போட்டேன்."

கையுறையைக் கழற்றி மேஜையில் எறிந்தேன். "அறிவு கீதா உனக்கு? செவுத்துல அஞ்சாவதா இன்னா எழுதி வச்சிக்கீறேன்?"

"மீன் விக்கிறவ நின்னு செவுத்தப் படிச்சிகினு இருப்பனா? நீயும்தான் கேக்கல."

அது உண்மை. அதனாலேயே இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

போன வருஷம் எங்கள் கூடத்து ரஹீமுன்னிசா இப்படித்தான் கடற்கரை மணல் கலந்து ஆறு கிண்ணம் செய்தாள். சூளையிலிருந்து அழகாகத்தான் வந்தன. நாலாம் நாள் வெள்ளைப் புள்ளிகள் கிளம்பின. பத்து நாளில் மேலெல்லாம் சில்லு சில்லாகத் தெறித்து, அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. மணலில் இருக்கும் கிளிஞ்சல் துணுக்குகள் செய்யும் வேலை அது. சூளையில் வெந்து சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்து உப்பி, மேலே இருக்கும் மண்ணைத் தள்ளும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

இதைச் சொல்லி முடித்தபோது அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. "அப்போ ஸ்டீல்தானா?" என்று மட்டும் கேட்டாள். கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. வேறொன்று செய்து காயவைக்கவே பத்து நாள் ஆகும். ஞாயிறுக்கு இருப்பதோ மூன்று நாள்.

அவள் பலகையை விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சுட்டது.

"சுண்ணாம்புன்னுதானே சொன்ன?" என்றாள் திடீரென்று. "எண்ணூர்ல எங்க வூட்டுக்கு நாங்களே கிளிஞ்சலு சுட்டு வெள்ளையடிப்போம். தண்ணி ஊத்துனா கொதிக்கும் பாரு, கிட்ட நிக்க முடியாது. ஒருவாட்டி கொதிச்சி அடங்கிச்சின்னா அப்பால அது ஒண்ணியும் பண்ணாது, சும்மா மாவுதான். இதுக்கும் இப்பவே வயிறு ரொம்பத் தண்ணி காட்டிட்டா?"

நான் யோசித்தேன். இரும்பையும் நெருப்பையும் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லையே என்று ரோஷமாகவும் இருந்தது.

"சூடா கீறத பச்சத்தண்ணில போட்டா ரெண்டாப் பூடும்க்கா."

"அப்போ வெந்நி வையி."

வெந்நீர் வைத்தேன். ஆனால் ஒரு முழ நீளப் பலகை படுத்து முழுகுகிற மாதிரி கூடத்தில் ஒரு பாத்திரம் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பதினொன்றாவது விதியைப் பார்த்தேன்.

"போய் எட்தா," என்றேன்.

மீன்பெட்டி உள்ளே வந்தது. பலகையை இறக்கியதும் சீறிக்கொண்டு குமிழி குமிழியாகக் கிளம்பியது. ஒரு வஞ்சிர மீன் செதில் மேலே வந்து மிதந்தது. அதை விரலால் எடுத்து வெளியே போட்டேன். சாயங்காலம்வரை ஊறவிட்டோம். தண்ணீர் லேசாக வெளுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பலகையை என் மேஜையிலேயே வைத்துக் காவல் காத்தேன். ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை காலை, கீழ் மூலையில் கடுகளவு ஒரு சில்லு தெறித்துக் கிடந்தது. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து சவரிநாதன் வந்து நின்றார். கையில் பையில் சுற்றிய ஸ்டீல் போர்டு.

"இன்னா செங்கொடி, தேறுமா தேறாதா?"

எனக்குப் பொய் வராது. மூலையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூலையைக் கொஞ்சமாகவும் பெயரை ரொம்ப நேரமாகவும் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டினார்.

"இவ்ளோ அழகா எழுதுவாளா இவ," என்றார். பிறகு நிமிர்ந்து, "இதெல்லாம் ஒடஞ்சதுல சேராது. பேக் பண்ணிக் குடு," என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அழுகையும் வந்தது, அதை அவரிடம் காட்டவில்லை.

ஞாயிறன்று வாசலில் மாட்டிய அதே பலகைமேல் சாமியார் தீர்த்தம் தெளித்தார். அன்று சாயங்காலமே கூடத்துச் சுவரில் பதினொன்றாவது விதியைக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவது விதி அப்படியே இருக்கிறது. அதைப் படிவத்தில் எழுதும்போது இப்போதெல்லாம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பலகையில் தடவித் தடவித் தேடினேன். அந்தக் கடுகைத் தவிர வேறு ஒரு சில்லும் போகவில்லை. நிம்மதியாக முன்னறையில் உட்கார்ந்து சவரிநாதன் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர் போடும் பையன் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான். கதவோரம் பார்த்துப் படித்தான்.

"வியாகுலம்மாள்..."

பழக்க தோஷத்தில் சவரிநாதன் எழுந்தார். பிறகு என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

அக்கா எட்டடி தள்ளி சமையற்கட்டில்தான் நின்றிருந்தாள். வரவில்லை.

"வியாகுலம்மாள் யாருங்க?" என்றான் அவன் இன்னும் சத்தமாக.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான்தான் நைனா. உள்ள வையி."

"காது கேக்கலியாக்கா உனக்கு?" என்றேன்.

"கேட்டுச்சி," என்றாள். "இன்னொருவாட்டி கூப்டட்டுமேன்னு நின்னேன்."