ஓடக்காரி எங்கே போனாள்?

திரையில் வில்லனின் வாள் இளவரசனின் தொண்டையைத் தொட்டு நின்றபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். நகம் பதிந்தது. அடுத்த கணம் இளவரசன் குனிந்து, தொங்குவிளக்கின் கயிற்றை வெட்டி, அதே கயிற்றில் ஊஞ்சலாடி மாடத்துக்குப் பறந்து, அங்கிருந்து குதிரையின் முதுகில் இறங்கினான். கலரியில் விசில் காதைப் பிளந்தது. "என்ர நல்லூரானே!" என்றார் அம்மா வாய்விட்டு. அவருக்கு அடுத்த கதிரையில் தனலெட்சுமி, அவளுக்கு அப்பால் அவளுடைய அப்பா செல்லப்பா. பார்ப்பவர்களுக்கு நாங்கள் மெட்னி ஷோவுக்கு வந்த ஒரு குடும்பம். உண்மையில் அம்மா பெண் பார்க்க வந்திருந்தார்.

புசல்லாவையில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று நான் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சொன்னபோது அம்மா அழவில்லை, கோபிக்கவுமில்லை. "வந்து பாக்கிறன்" என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அது சம்பந்தம் பேசியதாகிவிடும். ஆகவே கண்டியில் ஒரு படம். பிடிக்காவிட்டால் படம் பார்த்ததோடு முடிந்தது, யாருக்கும் அவமானமில்லை. அம்மாவின் யோசனைதான் அது.

படம் விட்டதும் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அம்மாவின் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. "நாப்பது பேரை ஒருத்தன்! தலைமயிர்கூடக் கலையேல்லை, பாத்தியே விவேகன்?" என்று சிரித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உமக்குப் படம் எப்பிடி?"

செல்லப்பா மகளைப் பார்த்தார். நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள் என்று வரும்போதே பஸ்ஸில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாராம்.

"சண்டையெல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு," என்றாள் தனலெட்சுமி. "ஆனா அந்த ஓடக்காரிய மறந்துட்டாங்களேம்மா."

"எந்த ஓடக்காரி?"

"இளவரசன படகுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டு, இங்க யாருமில்லன்னு சிப்பாய்ங்ககிட்ட சொன்னாளே. அவ படகத்தானே கொளுத்துனாங்க. அவன் அந்த வெளிச்சத்திலேயே நீந்தித் தப்பிச்சுப் போறான். கடைசியில முடி சூட்டுறப்ப ஊரே நிக்குது, யானைக்குக்கூட மாலை போட்டாங்க. அவ எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. கையில வாள் இருந்தா யாரும் சண்ட போடலாம்மா. வெறுங்கையோட சிப்பாய்ங்க முன்னாடி நின்னவ அவதான். என்னக் கேட்டா அது அவ படம்."

"வாத்தியாரம்மால்ல, படத்துக்கும் மார்க்கு போடுது," என்று செல்லப்பா சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தனியோ?"

"அவங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கல," என்றாள் அவள், என்னை முந்திக்கொண்டு. "படத்தப் பத்தித்தானே கேட்டீங்க?"

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது நான் கண்டிக்குப் பக்கத்தில் தெல்தெனியவில் ஒரு கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டு, சோமாவதி என்ற சிங்களப் பெண்ணின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். தமிழரைத் தேடிக் கும்பல் வந்தது. இவன் என் அக்காவின் மகன், பிறவி ஊமை என்று சொல்லிக் கதவுக்குக் குறுக்கே நின்றாள். என் சிங்களம் வாயைத் திறந்தால் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் போய்விட்டார்கள். இரண்டு நாளில் உண்மை தெரிந்து திரும்பி வந்து, வாசலில் இருந்த அவளுடைய சின்னக் கடையைக் கொளுத்தினார்கள். அதற்குள் என்னை அகதி முகாமுக்கு அனுப்பியிருந்தாள். நான் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமையே அம்மா நல்லூர் முருகன் கோயிலில் என் உயிருக்காக வைத்த நேர்த்தியை நிறைவேற்றினார். வெயில் மண்ணில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்தார். அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நம்பினார். இந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை கண்டிக்கு வந்தும் அந்த மனிசியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் கதை தனலெட்சுமிக்கும் தெரியும். ஆனால் அவள் குத்திக்காட்டவில்லை. படத்தில் பிழை என்று பட்டதைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல.

சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் என் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கண்டி முழுவதையும் கூப்பிட்டு, நான் கட்ட ஆசைப்பட்ட பெண்ணைப் பாருங்கள் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. செல்லப்பாவும் தலை குனியவில்லை.

அம்மா கோப்பையின் அடியில் இருந்ததையும் குடித்து முடித்தார்.

"நாளைக்குத் தெல்தெனியவுக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். பிறகு அவளிடம், "பிள்ளை, உமக்குச் சிங்களம் நல்லா வருமோ?"

"வருங்க."

"அப்ப நீரும் வாரும். இவன்ர சிங்களம் கந்தோர்ச் சிங்களம்."

மறுநாள், நான் ஒளிந்திருந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. காட்டுவதற்குத் தண்ணீர்தான் இருந்தது. பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. சோமாவதியின் புது வீடு மேட்டில், இன்னும் பூசாத சுவர்களோடு இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. சோமாவதி கதிரைகளைத் துடைத்துப் போட்டு, தட்டில் எண்ணெய்ப் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். பிறத்தியார் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்காத அம்மா ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவோரத்தில் நின்றபடி தனலெட்சுமி இரண்டு பக்கமும் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா அழுததைத் தவிர எல்லாவற்றையும் சிங்களமாக்கினாள்.

சோமாவதி அவளைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். தனலெட்சுமி முதல் தடவையாக அதைத் தமிழாக்கவில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"நான் யாருன்னு கேக்குறாங்கம்மா."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த பணியாரத்தை எடுத்து, இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைக் கதவுப் பக்கமாகத் தனலெட்சுமியிடம் நீட்டினார். எண்ணெய் அவருடைய விரல் வழியே மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நீட்டிய கை அப்படியே இருந்தது.