வெட்டாத நாற்பத்திரண்டு

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. இதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் மூன்றாவது மாடி மியாகே சொல்லிவிடுவாள், அதுவும் கை கால் வைத்து.

என் பெயர் தோகியே. ஒசாகாவில், ஆற்றை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் நானும் என் மருமகள் யுகாரியும் இருக்கிறோம். மகன் கெய்சுகே இறந்து மூன்று வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. அவன் போனதும் யுகாரி வடக்கே அகிதாவுக்கு, தன் அம்மா வீட்டுக்கே போய்விடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதும் இல்லை. கேட்டால் அப்போதுதான் நினைவு வந்து கிளம்பிவிடுவாளோ என்று பயம்.

நான் வாயாடி. அவள் பனி பெய்யும் ஊர்க்காரி, ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் சொல்வாள். அந்த அரை வார்த்தைக்கே நான் பழகிவிட்டேன். காலையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போகும் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

ஒரு வாரம் முன்பு குப்பை போடும் இடத்தில் மியாகே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மருமகளை வார்டு ஆபீஸ்ல பார்த்தேன். ஒரு தாள் வாங்கிட்டிருந்தா."

"வரி கட்டற தாளா இருக்கும்."

"அது வேற கவுன்டர். இது புருஷன் செத்த பொம்பளைங்க குடுக்கிற தாள். குடுத்துட்டா மாமியார் வீட்டு உறவே அத்துப்போச்சு. நம்ம சம்மதம்கூட வேணாமாம். அன்னைலேர்ந்து நீங்க யாரோ, அவ யாரோ!"

"உங்களுக்குக் குப்பை கொட்ட வேற இடம் கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு மேலே வந்தேன். அந்த வாரம் முழுக்க யுகாரியின் முகத்தைப் பார்ப்பேன், வாயைத் திறப்பேன், பிறகு "உப்பு எடு" என்பேன்.

அதற்குள் செட்சுபுன் வந்துவிட்டது. குளிர்காலம் முடிகிற நாள். பேயை விரட்ட வறுத்த சோயா வீசுவதும், அவரவர் வயதுக்கு எத்தனையோ அத்தனை சோயா தின்பதும் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் அதோடு சுஷி உருளையும் உண்டு. கடற்பாசித் தாளில் சோறு பரப்பி, ஏழு உள்ளீடு வைத்துச் சுருட்டிய சாண் நீள உருளை. அந்த வருடத்து நல்ல திசையைப் பார்த்து உட்கார்ந்து, முழு உருளையையும் கையில் பிடித்துக் கடித்துத் தின்ன வேண்டும். முடிகிறவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் அதிர்ஷ்டம் ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் மேல் கத்தி படக்கூடாது. கத்தி பட்டால் உறவு வெட்டுப்படும்.

நான் இருபத்தெட்டு வருடம் சூப்பர் மார்க்கெட்டில் சுஷி உருட்டியவள். மற்ற நாளெல்லாம் உருட்டுவதும் எட்டாக வெட்டுவதும்தான் வேலை. அந்த ஒரு நாள் மட்டும் கத்தியைக் கழுவி உள்ளே வைத்துவிடுவோம். வாயாடியான நானும் வருடத்தில் அந்தப் பத்து நிமிடம் மட்டும் வாயை மூடியிருப்பேன். அறுபத்தேழு வயதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இந்த வருடம் வேறொரு சங்கடம். கீழ்வரிசைக்குப் புதிதாகப் பல்செட் போட்டிருந்தேன். கடித்தால் நழுவுகிறது, நழுவினால் வலிக்கிறது. யுகாரி கேட்டபோது "கச்சிதமா இருக்கு" என்று பெருமையடித்துவிட்டேன். பிறகு எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது? மத்தியானம் அவள் இல்லாத நேரத்தில் கஞ்சி குடித்துச் சமாளித்தேன்.

அன்று காலை யுகாரி, "இந்தத் தடவை நான் உருட்டறேன்மா," என்றாள். வேலைக்கு லீவு போட்டிருந்தாள். மருமகளாக வந்த பன்னிரண்டு வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. போகிறவள் கடைசியாக ஒருமுறை செய்துவிட்டுப் போகிறாளோ என்று என் மனம் கணக்குப் போட்டது. சரி என்று சொல்லிவிட்டு, மத்தியானத்துக்கு மேல், பேய் அண்டாமல் இருக்க அன்று வீட்டில் சுடுகிற மத்தி மீன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு மீன் வாங்க மூன்று மணி நேரம் சுற்றினேன்.

சாயங்காலம் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். பலகை மேல் நனைந்த கத்தி. பக்கத்தில் ஈரத்துணி. தட்டு நிறைய, ஒரு வாய்க்கு ஒன்று என்கிற அளவில், துண்டு துண்டாகச் சுஷி.

கண் தெரியவில்லை.

"வெட்டிட்டியா?" என்றேன். என் குரல் எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி கேட்டது. "இன்னைக்குப் போய் வெட்டிட்டியா? பன்னிரண்டு வருஷம் இந்த ஊர்ல இருந்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே செஞ்சே! வெட்டணும்னா நேரா வார்டு ஆபீஸ் போய் வெட்டிக்கோ. என் அடுப்பங்கரையில எதுக்கு வெட்டறே?"

யுகாரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். விரலெல்லாம் சோறு. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"வெட்டலைம்மா," என்றாள்.

"கண்ணெதிர இருக்கு, வெட்டலையாம்!"

"கிட்ட வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒன்றை எடுத்தேன். வெட்டிய துண்டு என்றால் முகம் மழமழவென்று இருக்கும், பலகையில் நிறுத்தினால் நேராக நிற்கும். இது நிற்கவில்லை. சாய்ந்து விழுந்தது. இரண்டு ஓரத்திலும் சோற்றுப் பருக்கை பிதுங்கியிருந்தது, முட்டை ஒரு பக்கம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். கடற்பாசித் தாளைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து, ஒரு சிட்டிகைச் சோறு பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருட்டியிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு முழு உருளை. கத்தி வெள்ளரியையும் முட்டையையும் நறுக்கியதோடு சரி.

இருபத்தெட்டு வருட அனுபவம்! வாசலிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

"ஏழு உள்ளீடும் ஒரே வாய்க்குள்ள அடங்கலை," என்றாள் யுகாரி. "அதான் ஒண்ணுல ஒண்ணு. ஏழு வகை, வகைக்கு ஆறு. நாப்பத்திரண்டு வருது."

"எதுக்குடி இந்தப் பாடு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "குப்பையைக் கட்டறது நான்தானேம்மா. பாதி மென்னதைக் காகிதத்துல சுத்திச் சுத்திப் போடறீங்க. மூணு வாரமா. உங்க வாய்க்கு இது சரியா இருக்கும்னு பார்த்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் நான் அதட்டுவேன்.

"சோறு காயறதுக்குள்ள வா, உக்காரு."

கெய்சுகேயின் படத்துக்கு முன்னால் வகைக்கு ஒன்றாக ஏழு உருளை வைத்தாள். மீதியைத் தட்டோடு மேசைக்குக் கொண்டுவந்தாள். இந்த வருடத்து நல்ல திசையில் எங்கள் வீட்டில் இருப்பது பிரிட்ஜ். இருவரும் பிரிட்ஜைப் பார்த்துப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"இத்தனையும் தின்னு முடிக்கிறவரைக்கும் பேசக்கூடாதாம்மா?"

நான் யோசித்தேன். நெஞ்சில் ஒரு வாரமாக ஒரு கேள்வி கிடந்து குடைகிறது. முப்பத்தைந்து உருளை முடிகிறவரை அதைத் தாங்க என்னால் ஆகாது.

"ஒவ்வொண்ணும் தனித்தனி உருளைதானே? வாயில இருக்கிறப்போ பேசக்கூடாது. ஒண்ணு முடிஞ்சு அடுத்தது எடுக்கறதுக்குள்ள பேசலாம்."

"விதி அப்படியா?"

"இருபத்தெட்டு வருஷம் உருட்டினவ சொல்றேன். நான் சொல்றதுதான் விதி."

முட்டை உருளையை வாயில் போட்டேன். நழுவவில்லை, வலிக்கவில்லை. இனிப்பும் புளிப்புமாகக் கரைந்து உள்ளே போனது. விழுங்கினேன்.

"வார்டு ஆபீஸுக்குப் போனியா?"

யுகாரி அப்போதுதான் ஒன்றை வாயில் வைத்திருந்தாள். வெள்ளரி. கறுக் கறுக்கென்று மென்றாள். அந்தச் சத்தம் நிற்கும்வரை நான் பிரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போனேன்."

காளான் உருளை. என்ன ருசி என்று தெரியவில்லை.

"அந்தத் தாள்?"

அவள் வாயிலும் ஒன்று. மென்றாள், விழுங்கினாள், தேநீர் ஒரு வாய் குடித்தாள். இவ்வளவு மெதுவாகவா ஒரு மனுஷி சாப்பிடுவாள்?

"வாங்கினேன்மா."

மூன்றாவது விலாங்கு. தொண்டையில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அவளுடைய மூன்றாவது என்னுடையதற்கு முன்பே முடிந்துவிட்டது. காத்திருந்தாள். நான் விழுங்கியதைப் பார்த்த பிறகே சொன்னாள்.

"ஒருத்தர் இருக்கார். ஹிரானோன்னு பேரு. ஆத்துல படகு விடறவர். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்கார்."

"படகுக்காரனா? எந்தப் படகு, நம்ம இலவசப் படகா? அந்தக் காது பெரிசா இருக்கிறவனா?"

"காது... ஆமா. கொஞ்சம் பெரிசுதான்."

அவனை எனக்குத் தெரியும். எதிர்க்கரைப் பல் டாக்டரிடம் போகவர நாலைந்து தடவை அந்தப் படகில் ஏறியிருக்கிறேன். ஏறும்போது கையைப் பிடித்துவிடுவான். நல்ல பையன். நல்ல பையனாக இருந்து தொலைத்தானே என்று அவன் மேல் ஆத்திரம் வந்தது.

"அப்ப, தாளைக் குடுத்துட்டே," என்றேன்.

இறால் உருளையை இருவரும் ஒரே நேரத்தில் எடுத்தோம். அவள் வாய் நிறைந்திருந்ததால் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அது இல்லையா, அல்லது தெரியவில்லையா? விழுங்கித் தொலையேன் பெண்ணே!

"திருப்பிக் குடுத்துட்டேன்மா," என்றாள். "கல்யாணம் பண்ணணும்னா முதல்ல அதைக் குடுக்கணும்னு நெனச்சுத்தான் வாங்கினேன். கவுன்டர்ல இருந்தவங்க அது தேவையே இல்லைன்னாங்க. இன்னொரு கல்யாணம் ஆனாலும் நான் உங்க மருமகதானாம். நானே வேண்டாம்னு எழுதிக் குடுத்தாத்தான் உறவு போகுமாம்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் பார்க்கக்கூடாது என்று அவசரமாக ஓர் உருளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பார்க்காமல் எடுத்தது, சுரைக்காய் வற்றலாகப் போயிற்று. ஏழிலும் சவ்வு மாதிரி இழுக்கிறது அது ஒன்றுதான். என் பல்செட்டுக்கு அது அசையவே இல்லை.

யுகாரி அடுத்ததை எடுக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு பிரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆனா, அது என் பக்கத்து விஷயம். உங்களுக்கு வேணுமான்னு நான் கேக்கவே இல்லை. கெய்சுகே இல்லாம, வேற ஒருத்தர் வீட்டுக்குப் போனவளை எப்படி மருமகன்னு சொல்றதுன்னு உங்களுக்குத் தோணலாம். அக்கரைக்குத்தான் போறேன். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வருவேன். நான் உங்க மருமகளாவே இருந்துக்கட்டுமாம்மா?"

நான் மென்றேன். வற்றல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனது, மறுபடி திரும்பி வந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாயில் இருக்கும்போது பேசக்கூடாது. அறுபத்தேழு வருடம் காப்பாற்றிய விதி. மெல்லு தோகியே, சீக்கிரம் மெல்லு.

யுகாரி காத்திருந்தாள். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற கிழவியைப் பார்த்தால் அவள் என்னதான் நினைப்பாள்?

"சரிம்மா," என்றாள் மெல்ல. "புரியுது. மன்னிச்சிடுங்க." நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"உக்காருடி!"

பருக்கை தெறித்துப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியது. வாய் நிறையச் சோறும் வற்றலுமாக, பல் ஒரு பக்கம் நழுவ, நான் கத்தினேன்.

"மருமகதான்டி நீ! அக்கரைக்குப் போனாலும், எவன் வீட்டுக்குப் போனாலும் நீ என் மருமகதான். உன்னைக் குடுத்துட்டு நான் யாரை வச்சுக்கறது? ரெண்டு தடவை போதாது, மூணு தடவை வா. அந்தக் காதுக்காரனையும் கூட்டிட்டு வா!"

அவள் அப்படியே நாற்காலியில் விழுந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! வாயில இருக்கறப்பவே பேசிட்டீங்க! அதிர்ஷ்டம் போயிடுமே!"

"ஒரு உருளை அதிர்ஷ்டம்தானே, போகட்டும். தட்டுல இன்னும் இருபத்தாறு இருக்கு."

யுகாரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். இரண்டும் ஒன்றாக வந்தால் அவளுக்கு அதட்டத் தெரியாது போலிருக்கிறது. என் மேவாயில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் எடுத்துவிட்டு, அடுத்ததை எடுத்து என் கையில் கொடுத்தாள், முட்டையாகப் பார்த்து.

அந்த இருபத்தாறையும் பேசிக்கொண்டேதான் சாப்பிட்டோம்.