இருக்கிற கை

உச்சி வேளையில் குள்ளம்மாள் களி உருண்டையைத் தட்டில் வைத்துப் பேத்தியிடம் கொடுத்தாள். செல்லி தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் ஓடினாள். நஞ்சம்மாள் ஒரு வாய் கிள்ளிக் குழம்பில் தொட்டு, குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். இடது கை. அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"அந்தக் கையிலயா வாங்கித் திங்கற?" மாமியார் குள்ளம்மாள் தட்டைப் பிடுங்கினாள். "கால் கழுவற கைடி அது."

போன தை மாதம், காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மாடு சுற்றும் கரும்பாலைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது, உருளைகள் நஞ்சம்மாளின் வலது கையை மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டன. மாடுகளை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று முதல் அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. புருஷன் பச்சியப்பன் திட்டமாட்டான். அவள் மொண்டு வைத்த சொம்பைத் தாண்டிப் போய்த் தானே மொண்டுகொள்வான். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் களி நாளுக்குப் பிறகு செல்லியும் மாறினாள். அம்மாவின் கை நீண்டால், முதலில் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து மாதப்பன் வாத்தியார், காட்டு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கும் பெரியவர்களுக்காக ஒரு வகுப்பு வைத்திருந்தார். ஊரார் அதை நொண்டிப் பள்ளிக்கூடம் என்றார்கள். உலகச் சண்டைக் காலம், மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை என்பதால் வகுப்பு பிற்பகலில் நடந்தது. "எனக்கு மட்டும் ராத்திரியில வைங்க ஐயா, விளக்கே வேண்டாம்" என்று பார்வையில்லாத மாயவன் சொல்லிச் சிரிப்பான். அவனுக்காக வாத்தியார் ஒரு முறத்தில் ஈர மணலைப் பரப்பி, விரலால் ஆழமாக எழுதிக்கொடுப்பார். மாயவன் அதைத் தடவிப் படிப்பான்.

நஞ்சம்மாள் அங்கே போனதற்கு ஒரே காரணம் செல்லிதான். சோறு ஊட்ட முடியாத கையால் மகளுக்கு எழுத்தையாவது கொடுக்கலாமே என்று நினைத்தாள்.

முதல் நாள் அவள் இடது கையால் பலப்பத்தை எடுத்ததும் வாத்தியார் பதறித் தடுத்தார். எழுத்து என்பது சரஸ்வதி, அதைப் பீச்சாங்கையால் தொடலாமா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து, அவளுடைய மொட்டைக் கையில் பலப்பத்தை வைத்துத் தாமே கட்டிவிட்டார். கை போன பிறகு அவளிடம் அவ்வளவு பரிவு காட்டியவர் வேறு யாரும் இல்லை. அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை.

அழுத்தினால்தான் பலகையில் எழுத்து விழும். அழுத்த அழுத்தத் தழும்பு கன்றியது, ஒருநாள் பிளந்தது. வாத்தியாரிடம் சொன்னால் எழுதாதே என்பார். எழுதாவிட்டால் மகளுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமே இல்லை. அவள் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள். நாற்றம் தெரியாமலிருக்க உள்ளே வேப்பிலை வைத்தாள். காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் பச்சியப்பன் வண்டி கட்டித் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முழங்கைவரை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து மாட்டுக் கொட்டகை ஓரமாகப் படுத்துக்கிடந்தாள். அந்த ஆலை தன்னை முழுசாகவே இழுத்திருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் பயம்கூட வரவில்லை. வெறும் களைப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் செல்லி பக்கத்துச் சுவரில் கரியால் எதையோ கிறுக்கிவிட்டு, "இது என்ன எழுத்தும்மா?" என்று கேட்டாள். அது எந்த எழுத்தும் இல்லை. நஞ்சம்மாள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எழுந்து வகுப்புக்குப் போனாள்.

பலப்பம் கட்ட இனி இடமில்லை. காதால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று வாத்தியார் இரக்கத்தோடு சொல்லிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். அவள் மாயவனின் முறத்தைத் தன்னிடம் இழுத்தாள். இடது கை விரலை மணலில் வைத்து எழுதினாள். ஒரு கோணலும் இல்லாமல் வந்தது.

வாத்தியார் பார்த்துவிட்டார். "அழிச்சிரும்மா."

அவள் அழிக்கவில்லை. அதற்குள் மாயவன் விரலை வைத்துவிட்டான். "செ… ல்… லி. அட, நம்ம நஞ்சம்மா புள்ள பேரு." பிறகு வாத்தியாரின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "நல்லாத் தடவிப் பார்த்துட்டேனுங்க ஐயா. எந்தக் கை எழுதுச்சுன்னு இதுல தெரியலீங்களே."

மாதப்பன் மணலைப் பார்த்தார். அவள் முந்தானைக்குள் மறைத்திருந்த குறைக் கையைப் பார்த்தார். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆலை தின்னது மணிக்கட்டு வரைக்குந்தான்" என்றார். "மீதியத் தின்னது என் ஆசாரம். இருக்கற கையத் தள்ளிட்டு, இல்லாத கைக்குப் பலப்பம் கட்டினேன். ஒருத்தருக்கு மிச்சமிருக்கறதக் கேவலம்னு சொன்னா, அதையும் நாமளே வெட்டிப் போடற மாதிரிதாம்மா."

அவர் கண் கலங்கியது. நஞ்சம்மாளுக்கு மனம் இளகவில்லை. போன கை எந்த வார்த்தைக்கும் திரும்பி வராது.

"இதை இங்க சொன்னாப் பத்தாதுங்க ஐயா" என்றாள். "எங்க வூட்டுக்கு வந்து, எம்மாமியா முன்னால சொல்லுங்க. எம்புள்ள என் கையில வாங்கித் திங்கணும்."